உருகுமணிப் படம் எங்கே பிழைத்தது? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

சிறு முட்கள் நிற்கும் பலகையான முள்ளுப் போட்டில், சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய் மணிகளை அடுக்கி, மேலே பேக்கிங் பேப்பர் போட்டு, அயன் பொக்ஸால் தேய்த்தால் படம் ஒட்டிவிடும். பெட்டிக்குப் பின்னால் எழுதியிருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் முதல் படத்தைத் தூக்கிப் பார்க்கும்போது தெரியவரும். ஒரு காது போட்டிலேயே கிடக்கும், ஒரு மூலை எழும்பி நிற்கும், நடு உருகி வழிந்திருக்கும்.

பிழை வந்ததும் எல்லோருடைய கையும் அயன் பொக்ஸின் குமிழுக்குத்தான் போகிறது. சூட்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. நான் பார்த்தவரை சூடு போதாமல் கெட்ட படங்கள் குறைவு. அடுக்கும்போதே வந்த பிழையும், ஆறுமுன் தூக்கியதால் வந்த பிழையும்தான் அதிகம். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் குமிழைத் திருப்புவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குமிழ் எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் புள்ளிகள் இருக்கும்: ஒரு புள்ளி ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இந்த மணிகள் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். அது 110 பாகையை ஒட்டி உருகும். இடையில் பேப்பர் இருப்பதால் இரண்டு புள்ளிதான் சரியான இடம். சூடேறும் விளக்கு அணையும் வரை பொறுத்துவிட்டுத் தொடங்குங்கள். நீராவி அயன் என்றால் உள்ளே இருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு நீராவியை மூடிவிடுங்கள். புகை வந்தால், மூக்கில் காரமாக ஏறினால், சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். யன்னலைத் திறந்துவிட்டு நிறுத்துங்கள்.

சந்தியில் இருக்கும் லோன்றியில் கொடுத்துத் தேய்ப்பிக்கலாமா என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். சிரட்டைக்கரி அயனில் சூட்டைக் கட்டுப்படுத்தக் குமிழ் கிடையாது. அது சாரத்துக்கும் சட்டைக்கும் நல்லது. மணிக்கு வேண்டாம்.

இங்கே சொல்லும் அளவுகள் 5 மில்லிமீற்றர் மணிக்கானவை. 2.6 மில்லிமீற்றர் சின்ன மணிக்கும் காரணங்கள் ஒன்றுதான். நேரம் மட்டும் குறையும், பொறுமை கூடுதலாக வேண்டும்.

தூக்கியதும் மணி உதிர்கிறது

எங்கே உதிர்கிறது என்று பாருங்கள். காரணம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஓரம் மட்டும் உதிர்ந்தால் அயன் பொக்ஸ் நடுவிலேயே நின்றிருக்கிறது. கை தானாக நடுவுக்குத்தான் போகும். 29க்கு 29 முள் உள்ள ஒரு முழு போட்டின் பக்கம் 14.5 சென்ரிமீற்றர். அயனின் அடித்தட்டு அதைவிட ஒடுக்கம், நுனியில் இன்னும் ஒடுக்கம். ஆகவே ஓரத்திலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக உள்ளே வாருங்கள். ஓரத்தில் தேய்க்கும்போது அடித்தட்டில் பாதி படத்துக்கு வெளியே நிற்கவேண்டும். ஒரு இடத்துக்கு 10 முதல் 20 செக்கன் போதும். ஒட்டிய இடத்தில் மணியின் வளையம் பேப்பர் வழியே நிறத்தோடு தெரியத் தொடங்கும். அது தெரியாத பகுதிக்கு மட்டும் திரும்பப் போங்கள்.

இடையிடையே புள்ளி புள்ளியாக ஒட்டாமல் இருந்தால் அது நீராவித் துளைகளின் வேலை. துளைக்கு நேர்கீழே இருக்கும் மணிக்குச் சூடு போகாது. அயனை ஒரே இடத்தில் அழுத்தி வைக்காமல் மெதுவாக வட்டமிட்டால் தீர்ந்துவிடும். துளையில்லாத பழைய உலர் அயன் வீட்டில் கிடந்தால் அதை எறியாதீர்கள். இந்த வேலைக்குப் புதியதைவிட அது மேல்.

எங்குமே ஒட்டவில்லையா? மணியை எடுத்துப் பாருங்கள். குழாயாக இல்லாமல் உருண்டையாக இருந்தால் அது தண்ணீர் தெளித்து ஒட்டும் மணி. மார்கழி மழையில், மூடி இறுகாத போத்தலுக்குள் அது தானாகவே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கும். மாலை கோர்க்கும் அக்ரிலிக் மணியும் இந்தச் சூட்டுக்கு மசியாது. இரண்டும் கடையில் இதே தட்டில்தான் தொங்கும், பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே மணிதான் விழுகிறது

கல்முனையில் இருக்கும் என் மருமகள் அனுப்பிய படத்தில் ஒரு பச்சை நண்டு பாதம் இல்லாமல் நின்றது. கூடவே குரல் செய்தி: "மாமி, எத்தன தரம் தேய்ச்சாலும் அதே கால்தான் கழண்டு விழுகுது. சூட்டக் கூட்டட்டா?"

"சூட்டக் கூட்டாத மகள். அந்தக் கால் பக்கத்தால தொடுதா, மூலையால தொடுதா எண்டு பாரு."

மூலையால்தான் தொட்டது. தொட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. மணி வட்டம். மேல், கீழ், இடம், வலம் இருக்கும் மணிகள் ஒன்றையொன்று முட்டி நிற்கும். நடுவுக்கு நடு 5 மில்லிமீற்றர். மூலைக்கு மூலை இருப்பவற்றின் தூரம் 7 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். இடையில் இருக்கும் வெளியை உருகிய மணி நிரப்பாது. நிரப்பும்வரை தேய்த்தால் மற்ற மணிகள் எல்லாம் தட்டையாகிவிடும்.

பழைய கேம் படங்களில் இந்தச் சிக்கல் எங்கும் உண்டு. திரையில் ஒளிரும் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய தேவை இல்லையே. மருமகள் செய்த நண்டு, 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கூட்டமாக இறங்கிவரும் எதிரிகளில் ஒன்று. அகலம் 11 புள்ளி, உயரம் 8 புள்ளி, மொத்தம் 46 மணி. மேல் வரிசையில் இரண்டே மணி, கொம்புகளின் நுனி. இரண்டாம் வரிசையில் கொம்பின் அடி, ஒவ்வொன்றும் ஒரு கட்டம் உள்ளே தள்ளி. ஆக நுனிக்கும் அடிக்கும் மூலைத் தொடர்புதான். கீழே பாதங்களும் அப்படியே: பாதத்துக்கு இரண்டு மணி, அவை மேலே இருக்கும் காலின் மூலையில் நிற்கின்றன. எவ்வளவு வடிவாகத் தேய்த்தாலும் கையில் வருவது 40 மணி நண்டு. இரண்டு கொம்பு நுனியும் நான்கு பாத மணியும் போட்டிலேயே மிச்சம்.

திருத்த வழிகள் உண்டு. கண்ணாடிபோல் நிறமற்ற உருகுமணி (கண்ணாடி மணி என்போம்) கிடைத்தால் மூலைச் சந்து ஒவ்வொன்றிலும் ஒன்று வையுங்கள். இந்த நண்டுக்கு நாலே நாலு போதும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடி மணி இல்லையென்றால் அதே பச்சையையே வைக்கலாம், ஆனால் கொம்பு தடித்துவிடும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: சுற்றிலும் ஒரு கட்டம் விட்டு 13க்கு 10 கறுப்புச் செவ்வகத்துக்குள் நண்டை வைத்துவிடுவது. 84 கறுப்பு மணி கூடுதலாகப் போகும். கேம் திரையின் பின்னணியும் கறுப்புத்தானே. படமும் உறுதி, பார்வைக்கும் பழைய திரையாகவே இருக்கும்.

நம் ஊர்க் காட்சிகளைச் செய்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தை மணியில் கொண்டுவர ஆசைப்படாதவர் மட்டக்களப்பில் குறைவு. ஆனால் அந்த இரும்புப் பாலத்தின் அழகே சாய்ந்த கம்பிகள். சாய்வை ஒற்றை மணி வரிசையாக அடுக்கினால் ஒரு கம்பிகூட எழும்பாது. ஒவ்வொரு படியிலும் ஒரு மணி கூட்டிப் படிக்கட்டாகச் செய்யுங்கள், அல்லது பின்னால் வானமோ வாவியோ வைத்து வெளியை நிரப்பிவிடுங்கள். கம்பிக்கிடையில் வெளி தெரியவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் போட்டை மூன்று நாலாகச் சேர்த்துப் பெரிதாகத்தான் செய்யவேண்டும்.

அடுக்கி முடித்ததும் அயனை எடுக்குமுன் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணியில் விரலை வைத்து, பக்கத்தால் மட்டும் தாவி, படத்தின் கடைசி மணி வரை போகமுடிகிறதா என்று பாருங்கள். மூலையால் தாவவேண்டி வந்தால் அந்த இடத்தில் படம் உடையும்.

அப்பளம்போல் வளைந்துவிட்டது

பேப்பரை உரிக்கும்போது தட்டையாக இருந்த படம் சற்று நேரத்தில் மூலை எழும்பி நிற்கும். மேசையில் வைத்தால் ஆடும்.

பொலித்தீன் ஆறும்போது சுருங்கும். கூடுதலாக உருகிய பக்கம் கூடுதலாகச் சுருங்கும். அதனால் எந்தப் பக்கத்தை நோக்கி ஓரங்கள் மடிகின்றனவோ, அந்தப் பக்கம் அதிகச் சூடு வாங்கியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குழிந்த பக்கத்தைக் கீழே போட்டு, புடைத்த பக்கத்தைப் பேப்பர் போட்டுத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு உருகினால் இழுவையும் ஒரே அளவாகிவிடும்.

அடுத்தது பாரம். அயனைத் தூக்கிய உடனே, பேப்பரை உரிக்காமல், படத்தை அப்படியே சம தளத்துக்கு இழுத்து மேலே பாரம் ஏற்றிவிடுங்கள். தைல் போட்ட தரை நல்லது. சமமாகவும் இருக்கும், சூட்டையும் வேகமாக இழுக்கும். சீமெந்துத் தரையில் மேடு பள்ளம் இருந்தால் அது அப்படியே படத்தில் பதியும். பாரத்துக்குத் தடித்த புத்தகங்கள் போதும். பரீட்சை முடிந்த வீட்டில் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள் ஒரு கட்டாவது கிடக்கும், கடைசியில் இதற்காவது உதவட்டும். அம்மிக்கல் வைப்பவர்கள் கீழே ஒரு சமமான பலகையை வையுங்கள், இல்லாவிட்டால் கல்லின் அடி எங்கே படுகிறதோ அங்கே மட்டும் அழுந்தும்.

எவ்வளவு நேரம்? கையால் தொட்டால் சூடே தெரியாத வரை. பெரிய படத்துக்குக் கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தூக்கிப் பார்த்தால், அந்தத் தூக்கிய நிலையிலேயே ஆறும். பிள்ளைகளை இந்த நேரத்தில் வேறு வேலைக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

வளைந்து ஆறிப்போன படத்தையும் காப்பாற்றலாம். பேப்பருக்கிடையில் வைத்து, இரண்டு பக்கமும் சில செக்கன் இளஞ்சூடு காட்டி, வளைய விடுமுன் பாரத்துக்குக் கீழே தள்ளுங்கள். கையில் பிடித்து எதிர்ப்பக்கம் வளைத்தால் ஒட்டு விட்டுவிடும்.

ஒழுங்காகச் செய்த படம் பிறகு வளைந்தால் வெயிலைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றிலும், மூடிய வான் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழும் வைத்த படம் பின்னேரம் நேராக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். தகரக் கூரையை ஒட்டிய சுவரில் தொங்கவிட்டதும் அப்படித்தான்.

துளை அடைத்து, படம் பரந்துவிட்டது

இது திரும்பாது. உருகியது உருகியதுதான். பெரிய அழுத்தம், அதிக நேரம், அல்லது மூன்று புள்ளிச் சூடு.

சிலர் வேண்டுமென்றே இப்படி முழுத் தட்டையாக உருக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மணியும் தனித்து நின்று நடுவில் துளை தெரியும்போதுதான் அது பழைய திரையின் புள்ளியாகக் கண்ணுக்குப் படும். எல்லாம் ஒன்றாக வழிந்துவிட்டால் வெறும் பிளாஸ்டிக் தகடு. முகப்புப் பக்கம் துளை பாதிக்கு மேல் திறந்திருக்கட்டும், முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக உருக்கி உறுதி ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் சிறிதாக இருக்கும்வரை பாரம் வளைவைப் பார்த்துக்கொள்ளும்.

பரந்துபோன படத்தை எறியவேண்டாம். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கலாம். சூடான சட்டிக்குக் கீழே வேண்டாம்.

அயனை வைத்ததும் மணி சாய்கிறது, பறக்கிறது

முதல் தொடுதலில் அயனை இழுத்தால் பேப்பர் இழுபடும், பேப்பரோடு மணியும் போகும். முதலில் மேலிருந்து நேராக வைத்து, சில செக்கன் அசைக்காமல் பிடித்துவிட்டு, பிறகு வட்டமிடுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் இன்னொரு தொல்லை. மலைநாட்டைத் தாண்டி இறங்கிவரும் அந்தக் காற்று காய்ந்தது, சூடானது. காய்ந்த காற்றில் பிளாஸ்டிக்கில் நிலைமின் சேரும். மணி விரலில் ஒட்டும், ட்வீசரில் ஒட்டும், வைத்த இடத்தில் நிற்காமல் பக்கத்து மணியோடு துள்ளும். ஈரத் துணியால் கையையும் மேசையையும் ஒருமுறை துடைத்துவிட்டு உட்காருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்து வழியும் என்பது தெரியும். அடுக்கும்போது வேண்டுமானால் காற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள், தேய்க்கும்போது முழுதாகவே நிற்பாட்டுங்கள். ஒரு பக்கத்திலிருந்து காற்றுப் படும்போது அந்தப் பக்கத்து மணிகள் சீக்கிரம் ஆறி, மற்றப் பக்கம் உருகிக்கொண்டிருக்கும்.

வாடைக்காற்று மழையில் மணிக்கு ஒன்றும் ஆகாது. பேப்பர்தான் நமத்துச் சுருங்கும். அந்தச் சுருக்கம் மணியின் மேல் கோடாகப் பதியும்.

போட் நடுவில் மேடு விழுந்துவிட்டது

போட்டின் மேலேயே நிறையப் படம் தேய்த்தால் இது நடக்கும். மேடான போட்டில் நடு மணிகள் உயர்ந்து நிற்பதால் அவை மட்டும் உருகும். பள்ளத்தில் இருப்பவை அயனைத் தொடாது. மேலே சொன்ன உதிர்வு ஒரே போட்டில் திரும்பத் திரும்ப வந்தால் போட்டை மேசையில் கவிழ்த்து, அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள்.

மாஸ்கிங் டேப் முறைக்கு மாறினால் போட் அயனையே காணாது. அடுக்கிய மணிகளின் மேல் டேப்பை ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறும்படி ஒட்டி, ஒரு புத்தகத்தின் முதுகால் நன்றாகத் தேய்த்து அழுத்துங்கள். போட்டோடு கவிழ்த்து, போட்டை நேராக மேலே தூக்குங்கள். மணிகள் டேப்பில் நிற்கும். இப்போது முள் இருந்த பக்கம் மேலே. அதைத்தான் முதலில் தேய்க்கவேண்டும். ஆறியபின் டேப்பை உரித்து மற்றப் பக்கம். பெரிய படத்துக்கு டேப்பில் ஊசியால் துளை போட்டால் உள்ளே அடைபட்ட சூட்டுக் காற்று வெளியேறும். போடாவிட்டால் டேப் குமிழாக எழும்பி மணியையும் தூக்கிவிடும்.

டேப்பை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். நம் வெயிலில் பசை மணியிலேயே தங்கிவிடும். தங்கினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பேப்பர் ஒட்டிக்கொண்டது, மேலே எண்ணெய்ப் பசை

மெழுகு பூசிய பேப்பரைப் போட்டிருக்கிறீர்கள். மெழுகு உருகி மணியில் ஏறும். கேக் தட்டில் போடும், சூடு தாங்கும் பேக்கிங் பேப்பர் வேறு. சந்தேகமிருந்தால் ஒரு துண்டை அயனுக்குக் கீழே வைத்துப் பாருங்கள்: மெழுகுப் பேப்பர் உடனே பளபளத்து வழுக்கும். நல்ல பேப்பரும் சூட்டோடு உரித்தால் மணியைப் பிய்க்கும். ஆறவிட்டால் தானே கழன்று வரும்.

எழுத்து மறுபக்கமாக வந்துவிட்டது

நீங்கள் அடுக்கும்போது பார்த்த பக்கம்தான் சரியான பக்கம். முள் இருந்த பக்கத்தை முகப்பாக்கினால் படம் கண்ணாடியில் தெரிவதாகிவிடும். மீனுக்கும் வெளிச்சவீட்டுக்கும் அது பரவாயில்லை, 'மட்டு' என்று எழுதியவருக்குத்தான் வில்லங்கம். முதுகுப் பக்கம்தான் வடிவு என்று தோன்றினால், அடுக்குமுன்பே படத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துக்கு 9 மணி உயரமாவது கொடுங்கள். 'ணு', 'று' மாதிரி எழுத்துகளுக்கு இன்னும் வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் அந்த முகம் வரவில்லை

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், ஒட்டு உறுதி, தட்டை, நிறம் எல்லாம் சரியாக இருந்தும் படத்தைப் பார்த்தால் யாரென்று தெரியாமல் போவதுண்டு. இதுதான் எனக்குச் சுவாரசியமான பிழை.

பெரும்பாலும் காரணம் போனில் எடுத்த படம். இணையத்தில் கிடைக்கும் பெரிய படத்தைக் கட்டம் போட்டு எண்ணினால், ஒரு புள்ளி ஐந்து ஆறு கட்டமாக விரிந்திருக்கும், ஓரங்களில் மங்கல் நிறங்கள் சேர்ந்திருக்கும். அந்த மங்கலுக்கெல்லாம் மணி தேடினால் முகம் சேறாகிவிடும். மூலப் படத்தின் உண்மையான புள்ளி அளவைப் பிடியுங்கள். 1985இல் நின்டெண்டோவின் ஃபேமிகொம் கேம் இயந்திரத்துக்கு வந்த சூப்பர் மாரியோவில் சின்ன மாரியோவின் உயரம் 16 புள்ளிதான். மணியில் 8 சென்ரிமீற்றர். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் இல்லை.

நிறமும் அப்படித்தான். அந்த இயந்திரத்தில் ஒரு உருவத்தின் நிறக் கட்டுக்கு மூன்று நிறம். நாலாவது வெறும் வெளி. மாரியோவின் தொப்பியும் காற்சட்டையும் சிவப்பு. தலைமயிர், மீசை, சட்டை, சப்பாத்து எல்லாம் ஒரே மண்பழுப்பு. தோலும் பொத்தானும் ஒரே நிறம். ஞாபகத்தில் நீலக் காற்சட்டையும் கறுப்பு மீசையும் இருந்தால் அது பின்னால் வந்த படங்களிலிருந்து ஏறியது. மணிப் பெட்டியில் நீலம் கிடக்கிறதே என்று போட்டால் 'டிவி கேம் மாரியோ' வரமாட்டான். நம் ஊரில் ஓடிய மலிவு டிவி கேம் பெட்டிகளும், ஒரு கசற்றில் 9999 கேம் என்று எழுதி வந்தவையும், அதே ஜப்பானிய இயந்திரத்தின் நகல்கள். அதனால் புள்ளியும் அதேதான்.

அளவும் நிறமும் சரியாக வைத்தபின்னும் "கொஞ்சம் மெலிந்துபோனானே" என்று தோன்றும். தோன்றுவது சரி. அந்த இயந்திரம் அனுப்பிய புள்ளி டிவியில் சதுரமாக விழவில்லை. அகலம் கூடுதலாக இழுபட்டது. நாங்கள் பார்த்தது குண்டு மாரியோ, மணிக் கட்டம் சதுரம் என்பதால் ஒல்லியாகிறான். இதைத் திருத்த முயலாதீர்கள். ஒரு நிரல் கூட்டினால் மூக்கு கெட்டுவிடும்.

நொக்கியா 3310 பாம்புக் கேம் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, மணிதான் அதிகம். திரை 84க்கு 48 புள்ளி, 4032 மணி. மூன்று போட் அகலம், இரண்டு போட் உயரம், ஆக ஆறு போட் கொளுவவேண்டும். செய்தால் 42க்கு 24 சென்ரிமீற்றர். இரண்டே நிறம் என்பதால் மணி தரம் பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் அந்தப் பாசிப் பச்சைப் பின்னணிக்குச் சரியான மணி கிடைக்கும்வரை தொடங்கவேண்டாம், பச்சை மாறினால் அது வேறு போன். திரை முழுதும் வேண்டாம் என்றால் பாம்பின் தலை, ஒரு வளைவு, ஒரு இரை மட்டும் ஒரு போட்டில் செய்யலாம்.

மூலப் புள்ளிப் படமே இல்லாதவற்றுக்கு, பாடும் மீன், பாலமீன்மடு வெளிச்சவீடு போன்றவற்றுக்கு, போனை விட்டுவிட்டுச் சதுரக்கோட்டுக் கணக்குக் கொப்பியை எடுங்கள். 29 கட்டத்துக்கு எல்லை கீறி, வெளிவடிவத்தை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள். நிறமில்லாமலே மீன் என்று தெரிந்தால் மட்டும் அடுத்த படி. செதிள், கண் இமை, வாலின் வரி எல்லாம் இந்த அளவில் நிற்காது. கண் ஒன்று போதும். வெளிச்சவீடு வெள்ளை என்பதால் பின்னால் நீல வானம் வைக்காவிட்டால் வெள்ளைச் சுவரில் காணாமல் போய்விடும். பன்பாயின் பூவேலை ஏற்கனவே கட்டத்தில் பின்னியது, அதைப் பார்த்து எண்ணி அப்படியே மணிக்கு எடுக்கலாம். தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஒரு நிறம் மட்டும் உருகவில்லை, ஒரு நிறம் வழிகிறது

வேறு வேறு கம்பனி மணி கலந்திருக்கிறது. பேர்லர், ஹாமா, ஆர்ட்கல் ஒவ்வொன்றும் உருகும் வேகம் வேறு. ஆர்ட்கலிலேயே மென்மையானதும் கடினமானதும் தனித்தனி. ஒவ்வொரு பையிலிருந்தும் ஐந்து மணி எடுத்து ஒரே வரிசையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். எது முதலில் படுக்கிறது என்று தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் கலந்தால், தாமதமாக உருகுவதற்கு மேல் அயனின் நுனியை மட்டும் வைத்துத் தனியாகக் கொஞ்சம் கூட்டுங்கள். பை பிரித்த மணிகளை மாஜரின் டப்பாவில் கொட்டும்போது மூடியில் கம்பனிப் பெயரையும் எழுதுங்கள். நிறத்தைக் கண்ணே சொல்லும், கம்பனியைச் சொல்லாது. டப்பாவைத் தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், வாய்க்குள் போகிற அளவுதான் இந்த மணி.

பின்னால் ஒட்டிய காந்தம் கழன்று விழுகிறது

பொலித்தீனில் சுப்பர் குளூ பிடிக்காது. காய்ந்தபின் நகத்தால் தட்டினால் அப்படியே தகடாகக் கழன்று வரும். முதுகுப் பக்கத்தில் துளை திறந்திருக்கும் இடமாகப் பார்த்து சூட்டுப் பசைத் துப்பாக்கியால் பசையைத் துளைக்குள் இறங்கும்படி விடுங்கள், உள்ளே போய் இறுகியது ஆணியாகப் பிடித்துக்கொள்ளும். திறப்புக் கோவைக்கு என்றால் பசையே வேண்டாம். அடுக்கும்போதே மேல் ஓரத்தில் ஒரு முள்ளை வெறுமையாக விட்டு, சுற்றிலும் எட்டு மணி வைத்துவிடுங்கள். அந்த ஓட்டைக்குள் வளையம் போகும்.